தட்டிக்குக் கீழே தெரிந்த கால்

என் அக்கா பாக்கியம் நடிக்கிறாள் என்று நான் நீதிமன்றத்தில் சொன்னேன். சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன். அவள் நடிக்கவில்லை. அந்த ஒரு சொல்லால், நான்கு பேரைக் கொன்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று வைத்தால் நடுவில் சமாதானம் சேர்த்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்போது ஓடுகிறோம்.

தை மாதம். பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள். உச்சி வெயில். தெருவின் மேல்கோடியில் லாரி நிற்கிறது. என்ஜினை அணைக்கவில்லை. அந்த உறுமல் நிற்கவே இல்லை. ஒரு விசில். பிறகு பல விசில்கள்.

“ஆளு வந்துட்டாங்க! கெழக்கால ஓடுங்க! கெழக்கால!”

யார் கத்தியது என்று தெரியாது. கிழக்கே ஓடுகிறோம். அறுத்தும் அறுக்காமலும் கிடக்கும் வயல். அறுத்த நெல்தாள் காலைக் கிழிக்கிறது. எனக்கு முன்னால் அக்கா. அவளுக்கு முன்னால் மாமா, அவள் புருஷன் கோவிந்தன். பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். முதல் குடிசையில் புகை. அடுத்ததில் தீ. படபடவென்று வெடிக்கிறது. துப்பாக்கி என்று நினைத்தேன். கூரை மூங்கில்தான் வெடித்தது. பிறகு உண்மையான துப்பாக்கியும் வெடித்தது. இரண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றும் முடியாது.

அந்த வருடம் அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டது எங்கள் சங்கம். பண்ணை தரவில்லை. வெளியூர் ஆட்களை இறக்கியது. எங்கள் ஆட்கள் வயலில் இறங்கி மறித்தார்கள். ஆட்சி மாறி மூன்றாவது வருடம் அது. சென்னையில் இப்போது நம்மவர்கள் என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் போலீஸ் வேன் பண்ணை வாசலில்தான் நின்றது. பண்ணையில்தான் சாப்பிட்டார்கள். காலையில் இருந்த அந்த வேன் உச்சி வேளையில் எங்கே போனது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

நான் தஞ்சாவூரில் கல்லூரியில் பி.எஸ்.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் அந்த வயலில் ஓடினேன்.

வாய்க்கால் கரை. மதகு. தண்ணீர் வடிந்து முழங்கால் அளவுதான் இருந்தது. மாமா எங்கள் இருவரையும் மதகுக்கு அடியில் தள்ளினார். “உள்ள போ! சத்தம் போடாத!” அவர் உள்ளே வரவில்லை. இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. கரை மேல் ஏறி மறுபக்கம் ஓடினார். அவர்களை வேறு பக்கம் இழுக்கத்தான் ஓடினார் என்று நினைக்கிறேன். அவர்கள் இழுபடவில்லை. அவரைப் பிடித்து இழுத்துவந்தார்கள். மதகுக்கு எதிரே, கரை மேல்.

அக்கா முன்னால் குந்தியிருந்தாள். நான் பின்னால். அவள் எழுந்தாள். நான் வலது கையால் அவள் வாயைப் பொத்தினேன். இடது கையால் இடுப்பை வளைத்துப் பிடித்தேன். என் முகத்தை அவள் முதுகில் புதைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் திமிறினாள். தலையை இடமும் வலமும் ஆட்டி என் கையை உதறப் பார்த்தாள். நான் விடவில்லை. அவள் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

விட்டிருந்தால் அவளும் செத்திருப்பாள். அதற்காக நான் வருந்தவில்லை. என் குற்றம் அது இல்லை.

அங்கே எனக்கு ஒரு சத்தம் கேட்டது. அன்று கேட்டது. பிறகு பல வருடங்கள் அது என் நினைவிலேயே இல்லை. அது இருக்கும் இடம் வரும்போது சொல்கிறேன்.

சாயங்காலம் வெளியே வந்தோம். தெரு இருந்த இடத்தில் கருப்பு. மாமாவின் உடலைக் கரையிலிருந்து தூக்கிவந்தோம். அக்கா அழவில்லை. மறுநாள் வந்த போலீஸ் அதிகாரியிடம் நின்று நிதானமாகச் சொன்னாள். “அடிச்சது காரியக்காரரு. நான் பாத்தேன்.” காரியக்காரர் என்றால் பண்ணையின் நிர்வாகம் பார்ப்பவர். நிலமும் நெல்லும் ஆளும் அவர் கையில். அவரோடு இன்னும் சிலர் கைதானார்கள். முகம் பார்த்த சாட்சி என்று வழக்கில் இருந்தது அக்கா ஒருத்தி மட்டும்.

முதல் வலிப்பு மாசி மாதம் வந்தது. காதர் பாயின் மளிகைக் கடை வாசலில். காலையில் அவர் கடையைத் திறக்க வந்தார். அக்கா எண்ணெய்க்குக் காத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். திடீரென்று பின்னால் சாய்ந்தாள். உடம்பு வில்லாக வளைந்தது. கை கால் உதறியது. கண் இறுக மூடியிருந்தது.

“இரும்பு குடுங்க! கையில இரும்பு குடுங்க!” கூட்டம் கத்தியது. பாய் பதறிப்போய்த் தன் இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். எங்கள் பக்கம் வலிப்புக்கு முதல் வைத்தியம் அதுதான். அவள் இன்னும் பயங்கரமாக உதறினாள். நாங்கள் தோளையும் காலையும் அமுக்கிப் பிடித்தோம். நானும் பிடித்தேன். தலை இடமும் வலமும் அடித்துக்கொண்டது.

அதன் பிறகு அடிக்கடி வந்தது. தெருவில் பேச்சும் வந்தது. அந்த நாட்களில் யாரும் யாரையும் நம்பவில்லை. லாரி வரும் நேரத்தைப் பண்ணைக்கு யார் சொன்னது? சங்கத்து ஆண்கள் களத்துமேட்டில் இருந்தார்கள் என்று யார் சொன்னது? சங்கச் செயலாளர் தோழர் நடேசன் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே பேசுவார். வக்கீல் வந்து அக்காவிடம் கேள்வி கேட்டபோது அவள் விழுந்தாள். வக்கீல் போனதும் எழுந்து தண்ணீர் குடித்தாள்.

“பேரு கேட்டாத்தான் வருது இந்த வலிப்பு,” என்றாள் ஒருத்தி.

“பண்ணையில பூட்டு போட்டுட்டாங்க போல, வாய்க்கு,” என்றான் இன்னொருவன்.

நடேசன் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவன் சும்மா இருக்கவில்லை. கல்லூரி நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தை எடுத்து வலிப்பு நோய் பற்றிய பக்கங்களைப் படித்தேன். கண் திறந்திருக்கும். நாக்கு கடிபடும். சிறுநீர் பிரியும். விழும்போது அடுப்பென்றும் கிணறென்றும் பார்க்காது. அக்காவுக்குக் கண் மூடியிருந்தது. நாக்கில் காயமில்லை. அடுப்பின் மேல் அவள் ஒருமுறைகூட விழவில்லை. நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். பாசத்தால் இல்லை. போலீஸ்காரன் கவனிப்பது போல.

அவள் கவனம் எங்கோ இருந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழியும். கேட்காது. கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். நடவில் நாற்றுமுடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நடுகிறவர்கள் திட்டுவார்கள். “ஏண்டி பாக்கியம், தண்ணிக்குள்ள என்ன மீனா தேடுற?” ஆனால் மூன்று வீடு தள்ளி யாரோ டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அவள் கழுத்து விறைக்கும். பொங்கும் சோறு கேட்காத காதுக்கு இது மட்டும் எப்படிக் கேட்கிறது? வேண்டியதைக் கேட்கிறாள், வேண்டாததை விடுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

இன்னொன்றும் பார்த்தேன். கையில் சாவியைக் கொடுத்தால் உதறல் கூடியது. ஒருமுறை சாவி இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரி, அக்கா கதிர் அறுக்கும் கருக்கரிவாளைக் கொடுத்தாள். பிடியைப் பற்றினாள். சிறிது நேரத்தில் அடங்கினாள். எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு செய்த மாதிரி இருந்தது. நினைவில்லாதவளுக்குச் சாவி எது, அரிவாள் எது என்று எப்படித் தெரியும்? தெரிகிறது என்றால் நினைவு இருக்கிறது. நினைவு இருக்கிறது என்றால் நடிப்பு.

ஒரு சோதனை செய்தேன். விடுதி அறையில் என்னோடு இருந்தவனின் சாவிக்கொத்தை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். எரிந்த வீட்டுக்குப் பதில் கீற்றுத் தட்டி வைத்து மறைப்பு கட்டியிருந்தோம். அக்கா உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் தட்டிக்கு வெளியே நின்றேன். சாவியை ஒருமுறை குலுக்கினேன். முறம் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் விழும் சத்தம்.

வேறு ஒரு நாள் மறுபடி செய்தேன். மறுபடி விழுந்தாள். இன்னொரு நாளும் செய்தேன்.

அவள் தரையில் உதறிக்கொண்டிருந்தபோது நான் வெளியே நின்று எனக்குள் தலையாட்டிக்கொண்டேன். இதை எழுதப் பல நாள் தள்ளிப்போட்டேன். வயதால் என்று சொல்லலாம். நம்பாதீர்கள்.

வழக்கு அடுத்த வருடம் விசாரணைக்கு வந்தது.

அக்கா கூண்டில் ஏறினாள். நன்றாகத்தான் சொன்னாள். லாரி. விசில். தீ. மதகு. கரை மேல் யார் யார் நின்றார்கள். அரசு வக்கீல் கேட்டார், “தடியை வைத்திருந்தது யார்?” அந்தத் தடியைச் சாட்சிக்குக் காட்ட வேண்டும். நீதிமன்ற ஊழியர் ஒருவர் ஓரத்தில் இருந்த இரும்பு அலமாரியைத் திறக்கப் போனார். சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடினார். ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

அக்கா வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. கூண்டுக்குள்ளேயே விழுந்தாள்.

“இரும்பு குடுங்கப்பா!” பின்னாலிருந்து யாரோ. அந்த ஊழியர் நல்லவர். ஓடிவந்து அந்தக் கொத்தையே அவள் கையில் திணித்தார். கூண்டின் மரச்சட்டம் அதிர்ந்தது. காரியக்காரர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

பிற்பகல். அவளைப் பரிசோதித்த மருத்துவர் வலிப்பு நோய்க்கு அறிகுறி எதுவும் காணவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அடுத்து நான் ஏறினேன். மதகுக்குக் கீழே இருந்தேன் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மரியாதையாகப் பேசினார்.

“தம்பி அறிவியல் படிக்கிறீர்கள். நீங்கள் யாரையாவது பார்த்தீர்களா?”

“இல்லை.”

“எதையாவது கேட்டீர்களா? யாரென்று அடையாளம் சொல்லும்படி?”

“இல்லை.”

“உங்கள் அக்காவுக்கு வருவது வலிப்பா?”

“வலிப்பு இல்லை.”

“அப்படியென்றால்?”

எனக்கு அந்த நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மின்விசிறி சுற்றியது. அக்கா பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள். மதகிலிருந்து வந்த நாள் முதல் அவள் என்னை அப்படித்தான் பார்த்தாள். நீ ஏன் என்னைப் பிடித்தாய் என்று கேட்பதாகவே எனக்குத் தோன்றும். அவள் ஒவ்வொரு முறை விழும்போதும் என்னைக் குற்றம் சாட்டவே விழுகிறாள் என்று எனக்குள் ஒரு சந்தேகம். அவள் நோய் உண்மை என்றால் அந்தப் பார்வையும் உண்மையாகிவிடும். பொய் என்றால் நான் தப்பித்தேன்.

“நடிப்பு என்று நினைக்கிறேன்,” என்றேன்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேறு கேள்வி இல்லை.

வாசலில் நடேசன் என் சட்டையைப் பிடித்தார். “பண்ணை வீட்டுச் சாப்பாடு ருசியா இருந்துச்சாடா?” நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று கத்தினேன். அப்போது அப்படித்தான் நம்பினேன். நான் விலைபோகவில்லை. விலைபோயிருந்தால் இதை எழுதுவது இன்னும் சுலபமாக இருக்கும்.

அக்காவின் சாட்சியத்தை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பு வந்தது. எல்லாரும் விடுதலை. காரியக்காரர் மாலையோடு ஊருக்குள் வந்தார். தீர்ப்பு நாளிலும் அக்கா எனக்குத்தான் முதலில் சோறு போட்டாள்.

நான் ஆசிரியர் ஆனேன். ஒரத்தநாட்டுப் பக்கம் வேலை. அக்காவை என்னோடு அழைத்துக்கொண்டேன். வீட்டில் இடமிருந்தது, அதனால் என்று சொல்லிக்கொண்டேன். ஊர் சொன்ன வைத்தியமெல்லாம் செய்தோம். ஒரு கோயிலில் பூசாரி வேப்பிலையால் அடித்தார். நாகூரில் தர்கா வாசலில் பல நாட்கள் தங்கினாள். அங்கே அவளை யாரும் அடிக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை. அங்கே இருந்தவரை குறைந்திருந்தது. எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. பிறகு வலிப்பு மாத்திரைகள். வருடக்கணக்கில். தூங்கித் தூங்கி விழுந்தாள். வலிப்பு மட்டும் நிற்கவில்லை. நிற்காததையும் அவள் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் தஞ்சாவூரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இளம் வயதுப் பெண். அக்காவின் தலையில் கம்பிகள் ஒட்டிப் பதிவு எடுத்தார்கள். அந்த நேரத்தில் வராந்தாவில் யாரோ பீரோவைத் திறந்தார்கள். அக்காவுக்கு வந்தது. பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் மருத்துவர் எங்களை உட்கார வைத்தார்.

“அம்மாவுக்கு இருக்கிறது வலிப்பு நோய் இல்லைங்க. மூளையில அந்த மின்சாரம் இல்லை. மாத்திரைய மெல்ல மெல்ல நிறுத்திடலாம்.”

எனக்குள் இருந்த பழைய கல்லூரிப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அப்ப நடிப்புதானே டாக்டர்?”

அவர் என்னைப் பார்த்தார். “சார், உங்களுக்கு நெத்தியெல்லாம் வேர்க்குது. நடிக்கிறீங்களா?”

பிறகு பொறுமையாகச் சொன்னார். பெரிய அதிர்ச்சியைத் தாங்கியவர்களில் சிலருக்கு இப்படி வரும். அவர்கள் வரவழைப்பதில்லை. அவர்களால் நிறுத்தவும் முடிவதில்லை. மூளை ஓயாமல் காவல் காக்கிறது. வீட்டில் இருக்கிற ஆளையெல்லாம் வாசலில் நிறுத்திவிட்டது. சோறு பொங்குவதைப் பார்க்க உள்ளே ஆள் இல்லை. வாசலில் அந்த ஆபத்தின் சாயல் தெரிந்தால் போதும். உடம்பு அந்த நாளுக்கே போய்விடும்.

அக்காவிடம் திரும்பினார். “விழறதுக்கு முன்னாடி என்னம்மா கேக்குது?”

“சாவி.”

“யாரு சாவி?”

அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். “இவனக் கேளுங்க. இவனும் அங்கதான இருந்தான்.”

என் சட்டைப் பையில் வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது. நான் அசைந்தேன். அது லேசாகச் சிணுங்கியது.

கேட்டது. மதகுக்கு மேலே நடக்கும் கால். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் மோதும் களஞ்சியச் சாவிகள். காரியக்காரரின் சாவிகள். ஊரில் வேறு யாரிடமும் அத்தனை பெரிய கொத்து கிடையாது. அவர் வருகிறார் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே எங்கள் தெரு எழுந்து நிற்கும். கால் நின்றது. தடி இறங்கும் சத்தம். அதோடு சாவிச் சத்தம். மறுபடி தடி. மறுபடி சாவி. நான் அவள் முதுகில் முகத்தைப் புதைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டேன்.

எதையாவது கேட்டீர்களா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். கேட்டேன் என்று சொல்லியிருந்தால் அக்காவின் சாட்சிக்கு இரண்டாவது கால் கிடைத்திருக்கும். அது எனக்கு அப்போது நினைவில்லை. நினைவில்லாதது போல நானே செய்துகொண்டேனா? தெரியாது. சாவியால் அவளைச் சோதித்தவன், சாவி ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அது மறதியா, நடிப்பா? அக்காவைச் சோதிக்க நான் இருந்தேன். என்னைச் சோதிக்க அன்று யாரும் இல்லை.

பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். சாவியைக் கைக்குட்டையில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிக்கு வெளியே நின்று குலுக்கியதை. வேண்டுமென்றே குலுக்கியதை. அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்,” என்றாள். “தட்டிக்குக் கீழ ஒங் காலு தெரிஞ்சிச்சு.”

“நான்தான்னு தெரியுமா?”

“செருப்புப் போட்ட காலு நம்ம தெருவுல வேற யாருக்குடா இருந்துச்சு?”

“தெரிஞ்சும் எதுக்கு விழுந்த?”

அவள் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “விழறது நானாடா? நீதான்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. ஒடம்புக்குத் தெரியலியே.”

பஸ் வந்தது. ஏறினோம்.

நான் செய்ய முயன்றதைச் சொல்கிறேன். ஒரு வக்கீலிடம் போனேன். என் சாட்சியத்தை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். அவர் சிரிக்காமல் இருந்ததே பெரிது. காரியக்காரர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மற்றவர்களில் ஒருவர் படுக்கையில் இருந்தார். வழக்கு முடிந்தது முடிந்ததுதான் என்றார்.

எங்கள் தெருவுக்குப் போனேன். வீடு வீடாகச் சொன்னேன். அக்கா வந்திருக்கும்போது விழுந்தால் கையில் சாவி கொடுக்காதீர்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். சிலர் தலையாட்டினார்கள். சிலர், “வாத்தியாருக்கு இப்பத்தான் அக்கா மேல பாசம் வந்திருக்கு” என்று என் காதுபடச் சொன்னார்கள். காதர் பாய் மிகவும் முதியவராகிக் கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முதல் நாள் சாவியைக் கொடுத்தது தான்தான் என்பதை அவர் மறக்கவில்லை. சொன்னதைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டார். “நல்லதுன்னுதானே தம்பி வச்சேன்,” என்றார். மறுநாளே சாவிகளைத் தனித்தனியாகத் துணியில் முடிந்து கல்லாவுக்குள் போட்டார். என்னைக் கேள்வி கேட்காமல் நம்பியவர் அவர் ஒருவர்தான்.

தையில் வருடா வருடம் செத்தவர்களுக்காகக் கரையில் கூட்டம் நடக்கும். செங்கொடி கட்டி, மாலை போட்டு, சிலர் பேசுவார்கள். நான் எந்த வருடமும் மேடை ஏறியதில்லை. அந்த வருடம் ஏறினேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பொத்தியது. சாவிச் சத்தம். தட்டி. கூண்டு. “அக்கா சொன்னது உண்மை. நான் சொன்னது பொய்,” என்றேன். அழுதுவிட்டேன்.

யாரும் கை தட்டவில்லை. ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நடேசன் முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். “இத்தன வருசம் கழிச்சு எதுக்கு வருது இது?” என்றார். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார். பின்னால் ஒரு பையன், அந்த நாளில் பிறந்திருக்கவே மாட்டான், “எலக்சன்ல நிக்கப் போறாரு போல,” என்றான். சிரிப்பு. இன்னொரு குரல். “வாத்தியாரு நல்லா நடிக்கிறாருப்பா.”

நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். உண்மையைச் சொல்லிவிட்டு நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த மேடையில்தான் எனக்குத் தெரிந்தது. எல்லா முகமும் ஒரே முகமாகிவிடுகிறது.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். மைக் இல்லை. அவளுக்குத் தேவைப்படவும் இல்லை.

“ஏய்! சும்மா இருங்கடா. அவன் நடிக்கல.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் அடங்கியது. நம்பினார்களா என்று தெரியாது. என் பக்கம் பேசிய ஒரே சாட்சி அவள். நடேசன் கடைசிவரை என்னோடு பேசவில்லை. ஆனால் போகும்போது அக்காவின் முன் நின்று கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். “தப்பா நெனச்சிட்டம்மா,” என்றார். அவள் தலையாட்டினாள். எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். போதாது.

அதன் பிறகும் வந்தது. குறைந்தது. மாதக்கணக்கில் வராமல் இருக்கும். வந்தால் நான் பக்கத்தில் தரையில் உட்காருவேன். தொடமாட்டேன். “அக்கா, நம்ம வீடு. ராசு இருக்கேன். யாரும் இல்ல,” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அரிவாளைக் கை எட்டும் இடத்தில் வைப்பேன். அவளே எடுத்துக்கொள்வாள். நான்கு வருடம் முன்பு ஒரு புரட்டாசியில் இருதயம் நின்று போனாள். தூக்கத்தில். துக்கத்துக்கு வந்த ஒருவர் பழக்கத்தில் இரும்பு வேண்டும் என்று தன் சாவிக்கொத்தை அவள் மார்பின் மேல் வைத்தார். நான் எடுத்துவிட்டுக் கருக்கரிவாளை வைத்தேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

இழந்தவை இவை. கோவிந்தன், என் மாமா. களத்துமேட்டில் சுடப்பட்ட இருவர். புகையில் செத்த ஒரு கிழவர். பதினான்கு குடிசைகள். வயலில் அறுபடாமல் நின்று உதிர்ந்த நெல். ஒரு வழக்கு. தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை.

அக்காவின் முப்பத்தெட்டு வருடங்கள். அந்த வருடங்களில் குளத்தில் தனியாக இறங்க அவளை யாரும் விடவில்லை. நடவுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். எந்தக் குழந்தையையும் அவள் கையில் கொடுக்கவில்லை.

குடிசைகளை எரித்தவர்கள் பெயரை அவள் சொன்னாள். அவள் சொன்னதை எரித்தவன் பெயரை நான் சொல்கிறேன். ராசு. அவள் தம்பி.